வேலியில் சிவப்புக் கொத்து: இது ரெட்கரன்ட் தானா? ஒரு ஏக்கர் போடலாமா?

ஜனவரி 6, கோத்தகிரி வாசகர் ஒருவரின் கேள்வி

புதிதாக வாங்கிய பழைய வீட்டின் வேலி முழுக்க இப்போது கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். இணையத்தில் படம் பார்த்தேன், ஐரோப்பாவில் ஜெல்லி போடும் ரெட்கரன்ட் பழமேதான். ஒருத்தரும் தண்ணீர் கூட ஊற்றாமல் இப்படிக் காய்க்கிறது என்றால் இந்த மலைக்கு ஏற்ற பயிர் என்றுதானே அர்த்தம்? பச்சைத் தேயிலை விலையை நம்பி இனிப் பிழைக்க முடியாது. ஒரு ஏக்கர் தேயிலையை எடுத்துவிட்டு இதைப் போடலாம் என்று இருக்கிறேன். பழத்தை அப்படியே சாப்பிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

சாப்பிடாதீர்கள். தேயிலையையும் பிடுங்காதீர்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், இங்கே கரன்ட் போய்விட்டது. சிவப்பு இல்லை, சாதாரணக் கரன்ட்.

ஜனவரி 7

ஜனவரியில் பழுத்திருக்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியே போதும். ரெட்கரன்ட் இலையுதிர்க்கும் செடி. அதன் சொந்த ஊரான மேற்கு ஐரோப்பாவில் இந்த மாதம் மொட்டைக் குச்சியாக நிற்கும், பழம் ஜூலையை ஒட்டித்தான். நம் மலையில் முழு மொட்டை ஆகாது, ஆனால் ஜனவரியில் பழமும் இருக்காது.

செடியருகே போய்ப் பாருங்கள். முள் இருக்கிறதா? ரெட்கரன்டுக்கு முள் கிடையாது. இலை ஐந்து மடலாகப் பிரிந்து உள்ளங்கை அகலம் இருக்கிறதா, இல்லை குறுகலாக, தடிப்பாக, பளபளவென்று இருக்கிறதா? ஒரு பழத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். ரெட்கரன்ட் என்றால் தோல் கண்ணாடி, உள்ளே நரம்பும் விதையும் தெரியும். பழத்தின் நுனியில் காய்ந்துபோன பூவின் மிச்சம் பழுப்பாக ஒட்டியிருக்கும். ஒரே காம்பில் வரிசையாகக் கோத்துத் தொங்கும், சரத்துக்கு 3 முதல் 10 வரை. பழம் 1 சென்டிமீட்டர் இருந்தால் பெரிது.

ஜனவரி 8

முள் கையைக் கிழித்துவிட்டது, இலை வருஷம் முழுக்கப் பச்சை, பழத்துக்குள் மாவு என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் உங்கள் வேலி பைராகாந்தா. ரோஜாக் குடும்பம், ஆப்பிளுக்கு ஒன்றுவிட்ட உறவு. உற்றுப் பார்த்தால் பழமே குட்டி ஆப்பிள்தான். வெள்ளைப் பூ பூக்கும். முள்வேலிக்கு நல்ல செடி, அப்படியே விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டைக் கடித்துத் துப்பினால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் அது சாப்பிடும் பழம் இல்லை.

"கொண்டைக்குருவி சாப்பிடுகிறதே, விஷம் என்றால் சாப்பிடுமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். குருவி சாப்பிடுவதை வைத்து முடிவெடுக்கவே கூடாது. விதையைச் செமிக்காமல் கடத்திவிடும் வயிறு அதனுடையது.

ஜனவரி 8, மாலை

மறந்துவிட்டேன், இதுதான் முக்கியம். நீலப் பூவும் தொங்கும் சிவப்புக் கொத்துமாக ஒரு கொடி உண்டு, அழகுக்காக வளைவுகளில் ஏற்றிவிடுவார்கள். சொலானம் சீஃபோர்தியானம், கத்தரிக்காய் சாதி. அதன் பழம் பளபளவென்று கொத்தாகத் தொங்குவதால் படத்தில் பார்த்தால் பைராகாந்தாவை விட ரெட்கரன்டுக்கு நெருக்கமாக இருக்கும். அது நஞ்சு. கொடி என்றால் ரெட்கரன்ட் இல்லை, அவ்வளவுதான். ரெட்கரன்ட் இடுப்பளவு அல்லது நெஞ்சளவு புதர், எதன்மேலும் ஏறாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், செடியைப் பாருங்கள்.

ஜனவரி 12

சரி, ஏக்கர் கணக்குக்கு வருவோம்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் காட்டு ரெட்கரன்ட் கிடையாது. அந்தப் பேரினமான ரைபீஸ் இந்தியாவில் இமயமலைப் பக்கம்தான், இமாச்சல், லடாக் என்று. இங்கே இருப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்ட பழக்கத்தின் மிச்சம். 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டிக்கு ஏறியதில் இருந்து ஊர் ஞாபகம் வந்தவர்கள் எல்லாம் எதையாவது நட்டுப் பார்த்தார்கள். உருளை, முட்டைக்கோஸ் பிடித்துக்கொண்டன. பேரியும் பிளம்ஸும் ஒத்துப்போயின. ரெட்கரன்ட் ஒத்துப்போகாத கூட்டம்.

காரணம் குளிர்காலத் தூக்கம். கரன்ட் வகைகளுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1,500 மணி நேரம் வேண்டும் என்பார்கள். அது நிறைந்தால்தான் மொட்டுகள் எல்லாம் ஒன்றாக விழிக்கும். குறைந்தால் ஒரு கண் மார்ச்சில், பக்கத்துக் கண் மே மாதத்தில், இன்னொன்று விழிக்காமலே.

ஜனவரி 13

ஊட்டிக்கு மேற்கே எமரால்டு ஊரில் இருந்து ஒரு தம்பி கோபமாக எழுதியிருக்கிறார்: "நீர்ப்பனி முடிந்து உறைபனி விழுந்து எங்கள் தேயிலை கருகிக் கிடக்கிறது. இதற்கு மேல் என்ன குளிர் வேண்டும்?"

தம்பி, தேயிலையைக் கருக்க ஒரு விடியற்காலை போதும். ரெட்கரன்டைத் தூங்கவைக்க அது போதாது. இரவுக்கு 8 மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே, இப்படி 70 இரவுகள் என்று தாராளமாகவே போடுவோம். 560 மணி நேரம். குறைந்தபட்ச 800ஐயே தொடவில்லை. அது போக, பகலில் வெயில் ஏறி 20 டிகிரி ஆகிவிடுகிறது. இரவில் சேர்த்ததில் ஒரு பகுதியை அந்த வெயில் அழித்துவிடும். இங்கிலாந்தில் ஜனவரி என்றால் பகலும் குளிர்தான்.

ஆனாலும் உங்கள் பள்ளம் என் சரிவை விட நல்ல இடம்தான். குளிர் காற்று கனமானது, இறங்கிப் பள்ளத்தில் தங்கும். சாண்டிநல்லா, தலைகுந்தா புல்வெளிகள் வெள்ளையாகும்போது மேலே மேட்டில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. யாராவது நட்டுப் பார்ப்பதென்றால் அது நீங்களாக இருக்கட்டும்.

ஜனவரி 14

பிளம் கேக்கில் போடுவது இதுதானே என்று கேட்ட அக்காவுக்கு: இல்லை. பேக்கரியில் கரன்ட்ஸ் என்று வாங்குவது விதையில்லாத குட்டிக் கறுப்புத் திராட்சையைக் காயவைத்தது, கிரேக்க நாட்டு வழி. இந்தச் செடிக்கும் அதற்கும் உறவே இல்லை. கேக்கில் சிவப்பாக இருப்பது பெரும்பாலும் டூட்டி ஃப்ரூட்டி, அதாவது சர்க்கரையும் சாயமும் ஏறிய பப்பாளிக்காய். நன்றாகத்தான் இருக்கும், நான் குறை சொல்லவில்லை.

ஜனவரி 20

"இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களிடம் செடி இருக்கிறதா?" இருக்கிறது. பழைய பங்களா ஒன்றில் தோட்டக்கார மாலி கவாத்தில், அதாவது கிளை வெட்டும்போது, குச்சி ஒடித்துக் கொடுத்தார். வேர் பிடிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. இலைக்குக் குறைவே இல்லை. ஆனால் பழம் கேட்டால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. டிசம்பரில் பாதி இலை உதிரும், மீதி பாதி துருப்பிடித்த மாதிரி தொங்கிக்கொண்டே இருக்கும். எது போன வருஷத்து இலை, எது புதுசு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு விஷயம் மட்டும் எழுதி வைக்கிறேன், தேயிலை வைத்திருப்பவர்களுக்கு உதவும். நம் வீடுகளில் பொட்டாஷ் என்றால் எம்.ஓ.பி. மூட்டைதான், அதாவது பொட்டாசியம் குளோரைடு. ரெட்கரன்டுக்குப் பொட்டாஷ் நிறைய வேண்டும், ஆனால் குளோரைடு ஆகாது. இலை ஓரம் கருகும். பொட்டாஷ் குறைந்தாலும் இலை ஓரம்தான் கருகும், அதனால் இன்னொரு கைப்பிடி போடத் தோன்றும். சல்பேட் வகையை, எஸ்.ஓ.பி.யை, வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் ஒரு செடிக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது. வேர் மேலாகவே ஓடும் என்பதால் மண்வெட்டி போடாமல் இலைதழையால் மூடாக்கு போடுவது நல்லது.

மார்ச் 3

பூ வந்துவிட்டது. வந்தது என்று சொன்னால்தான் தெரியும், பச்சையும் மஞ்சளுமாக இலையோடு இலையாகத் தொங்கும் சரம், கண்ணுக்கே படாது. மேல்கிளையில் மட்டும். கீழே கண்கள் மூடியே இருக்கின்றன.

டிசம்பரில் ஒரு கிளையில் மட்டும் இலையை எல்லாம் கையால் உருவிவிட்டிருந்தேன். யோசனை ஜாவாவில் இருந்து. அங்கே மலாங் பக்கம் பாத்து என்ற மலை ஊரில் ஆப்பிளை அப்படித்தான் ஏமாற்றுகிறார்கள். குளிர்காலமே இல்லாத ஊர். அறுவடை முடிந்ததும் இலையை உருவி, கிளையை வளைத்துக் கட்டினால் மரம் தூங்கும் முன்னாலேயே மறுபடி துளிர்க்கிறது, வருஷத்துக்கு இரண்டு காய்ப்பு. என் செடியில் உருவிய கிளை மற்றவற்றைவிடச் சீராக விழித்திருக்கிறது. ஒரு கிளையை வைத்துச் சட்டம் போட மாட்டேன். அடுத்த டிசம்பரில் பாதிச் செடியை உருவப் போகிறேன்.

ஏப்ரல் 11

லண்டனில் இருந்து மகன் பெட்டிக்குள் நாலு குச்சி கொண்டு வருகிறான், நட்டுக் கொடுக்க முடியுமா என்று ஒருவர். முடியாது, கொண்டு வரவும் வேண்டாம். வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும் நோயில்லாச் சான்றும் வேண்டும், 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அதைத்தான் சொல்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 1961இல் ஊட்டியில் உருளைக்கிழங்கு வேரில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணோடும் விதைக்கிழங்கோடும் பயணம் செய்கிற புழு அது. அதன் பாவத்தை இந்த மலை இன்னும் சுமக்கிறது, நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போவதற்கே தடை வந்தது. நாலு குச்சிக்காக இன்னொன்றை வரவழைக்க வேண்டுமா?

கூடவே, இந்தச் செடி பைன் மரத்துக்கு ஆகாதாமே, அமெரிக்காவில் தடையாமே என்று ஒரு கேள்வி. ஆமாம், அமெரிக்காவில் இந்தச் செடிக்கே தடை இருந்தது. வெள்ளைப் பைனைக் கொல்லும் ஒரு துருநோய்ப் பூஞ்சை, பாதி வாழ்க்கையை ரைபீஸ் இலையில் கழிக்கும். நாடு தழுவிய தடை 1966இல் போனது, நியூயார்க் மாநிலத் தடை 2003இல். அந்த நோய் தாக்குவது ஒரு கொத்தில் ஐந்து ஊசியிலை இருக்கும் பைன்களை. தலைகுந்தாவில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பட்டுலா பைன் மூன்று ஊசிக்காரர், மெக்சிகோவில் இருந்து வந்தவர். அவர் பிழைத்துக்கொள்வார்.

மே 24

குன்னூர் சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சிக்குப் போய் வந்தேன். கூட்டத்தில் பழத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

திரும்பி வந்து செடியைப் பார்த்தால் இலை எல்லாம் வெயிலில் வாடிக்கிடக்கிறது. இத்தனைக்கும் வடக்குச் சுவரோரம். இங்கிலாந்துத் தோட்டப் புத்தகங்கள் ஒரே குரலில் சொல்வது, ரெட்கரன்ட் நிழலைத் தாங்கும், வேறெதுவும் வராத வடக்குச் சுவரில் இதை நடு என்று. அவர்கள் ஊரில் உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கே. நாம் இருப்பது 11 டிகிரியில். ஏப்ரல் கடைசியில் இருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த நாலு மாதம் வடக்குச் சுவர்தான் வெயில் சுவர். கிழக்கு பார்த்த இடம், மதியத்துக்கு மேல் மர நிழல், இதுதான் இங்கே சரி.

ஜூன் 19

மழை. காய் சிவக்க ஆரம்பித்த நேரம்.

ஜனவரியில் குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், மழையை விட்டுவிட்டோம். ரெட்கரன்டின் தோல் மெல்லியது. நனைந்த சரத்தைப் பறித்தால் மறுநாள் பூஞ்சணம். காய்ந்த நாளில்தான் பறிக்க வேண்டும். ஊட்டிக்கு மேற்கே, அவலாஞ்சி, எமரால்டு பக்கம், குளிர் நன்றாக இருக்கிறது. ஆனால் பழம் பழுக்கும் நேரத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரிப் பக்கம் ஜூன், ஜூலையில் மழை கொஞ்சம்தான், பெரிய மழை அக்டோபர், நவம்பரில். ஆனால் உயரம் 1,800 மீட்டருக்குள், குளிர் இன்னும் குறைவு. குளிர் உள்ள இடத்தில் மழை, மழை இல்லாத இடத்தில் குளிர் இல்லை. எமரால்டு தம்பியை உற்சாகப்படுத்தினேனே, அவர் செடிக்கு மேலே பிளாஸ்டிக் கூரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டும் ஓரளவு சேரும் இடம் என்று பார்த்தால் என் கண் பழனி மலைக்குப் போகிறது. கொடைக்கானலுக்குப் பின்னால் பூம்பாறை, மன்னவனூர் மேட்டுநிலம். பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், உயரம் 2,000 மீட்டரை ஒட்டி, பள்ளத்தில் உறைபனியும் உண்டு. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருப்பதே அந்தக் குளிருக்காகத்தானே. பூண்டும் உருளையும் போடுகிற யாராவது ஒரு வரப்போரம் இரண்டு செடி வைத்துப் பார்த்தால் நான் முதல் ஆளாக வந்து பார்ப்பேன். அங்கேயும் ஏக்கர் வேண்டாம், இரண்டு செடி.

ஜூன் 20

"கரடி வருமா?" கோத்தகிரியில் எதற்குத்தான் வரவில்லை. என் செடிக்கு இதுவரை வந்தது கொண்டைக்குருவிதான். வலை போட்டேன். வலைக்குள்ளே புகுந்து தின்றுவிட்டு வெளியே வரத் தெரியாமல் கத்தி, நான் போய்த் திறந்துவிட வேண்டியதாயிற்று.

ஜூலை 5

பறித்தாயிற்று. ஒன்றொன்றாகப் பறிக்காதீர்கள், நசுங்கும். சரத்தை அப்படியே கிள்ளி, வீட்டில் முள்கரண்டியின் பல்லுக்கு இடையே விட்டு இழுத்தால் பழம் மட்டும் கிண்ணத்தில் விழும். நன்றாக வளர்ந்த ஐரோப்பியச் செடி 3, 4 கிலோ தரும். எனக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம். பாயசக் கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ருசி? புளிப்பு. பிறகு புளிப்பு. கடைசியில் கொஞ்சம் இனிப்பு, நிறைய விதை. "சூப்பர் ஃபுட்" என்று ஆரம்பித்தவருக்கு: 100 கிராமில் வைட்டமின் சி சுமார் 41 மில்லிகிராம். கொய்யாவில் 200க்கும் மேல். பச்சையாகச் சாப்பிட இதை நட வேண்டாம்.

இதன் பெருமை ஜெல்லியில். பெக்டினும் புளிப்பும் ஒன்றாக நிறைந்த பழம், வெளியில் இருந்து எதுவும் சேர்க்காமல் உறையும். கொஞ்சம் தண்ணீர் விட்டு மசித்து வேகவைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டி இரவெல்லாம் சொட்டவிடுங்கள். பிழிந்தால் கலங்கும். சாறு 1 லிட்டருக்குச் சர்க்கரை முக்கால் கிலோவில் இருந்து 1 கிலோ வரை. எனக்குச் சாறு போதாமல் பிளம்ஸ் சேர்த்துக்கொண்டேன், நிறம் இன்னும் அடர்ந்தது.

கொதிநிலை விஷயத்தில் மட்டும் புத்தகத்தை நம்பாதீர்கள். ஜெல்லி 104, 105 டிகிரியில் உறையும் என்று எழுதியிருப்பார்கள். அது கடல் மட்டத்துக் கணக்கு, அங்கே தண்ணீர் 100இல் கொதிக்கும். கோத்தகிரியில் தண்ணீர் ஏறத்தாழ 94இல் கொதிக்கிறது, ஊட்டியில் 92, 93. தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேலே நாலரை டிகிரி என்பதுதான் சரியான அளவு. அப்படியானால் கோத்தகிரியில் 98 தாண்டியதும் இறக்கிவிட வேண்டும். 105 வரட்டும் என்று காத்திருந்தால் கமர்கட்தான். வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள், தோல் சுருங்கினால் ஆயிற்று.

ஜூலை 6

எதற்குத் தொட்டுக்கொள்வது என்ற கேள்விக்கு: வெள்ளைக்காரர் ஆட்டுக்கறிக்கு. வீட்டில் மட்டன் சாப்ஸோடு வைத்தேன், இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் ஊறுகாய் கேட்டார். பிரான்சில் பார்-லெ-டுக் என்ற ஊரில் ஒவ்வொரு பழத்தில் இருந்தும் பெருவாத்து இறகின் முனையால் விதையை எடுத்து ஜெல்லி போடுவார்கள். இங்கே பூண்டு உரிக்கவே ஆள் கிடைப்பதில்லை.

ஜூலை 8

கோத்தகிரி வாசகர் மறுபடி வந்திருக்கிறார். ரெட்கரன்ட் இல்லை என்றால் ஜாமுக்கு எதைத்தான் போடுவது, வேலியோரம் கொஞ்சம் இடம் இருக்கிறது என்கிறார். இப்படிக் கேட்டால் பதில் சுலபம். மரத்தக்காளி வையுங்கள், கேட்காமலே காய்க்கும், சிவப்பும் புளிப்பும் உண்டு. தவிட்டுப்பழச் செடி கிடைத்தால் விடாதீர்கள், அது இந்த மலையின் சொந்தச் செடி, அதில் ஜெல்லி போடுவது வெள்ளைக்காரர் காலத்திலேயே உண்டு. ஊசிக்களாவும் புளிக்கும், முள்ளுக்குத் தயார் என்றால். இவற்றில் எதுவும் குளிரின் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. தேயிலைக்குப் பதிலாக இவை என்று நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஒரு பாட்டில் ஜாமுக்கும் ஒரு ஏக்கர் வருமானத்துக்கும் நடுவே பறிக்கிற கூலி, வண்டி, வாங்குகிற ஆள் என்று மூன்று பேர் நிற்கிறார்கள்.

ஜூலை 9

குச்சி கேட்டவர்களுக்கு. இப்போது கிடையாது. டிசம்பர் கடைசியில் கவாத்து செய்யும்போது தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், தபாலில் அனுப்ப மாட்டேன். பென்சில் தடிமனில் ஒரு அடி நீளம். மேலே மூன்று நாலு கண்ணை விட்டுவிட்டுக் கீழே உள்ளதை எல்லாம் நகத்தால் கிள்ளிவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் அடியில் இருந்து தூர் கிளம்பிப் புதராகிவிடும். இதன் கறுப்பு உறவான பிளாக்கரன்ட் என்றால் ஒரு கண்ணையும் கிள்ளக் கூடாது, அது அடியில் இருந்து கிளம்பினால்தான் நல்லது. ரெட்கரன்ட் பழைய கிளையின் குட்டைக் கணுக்களில் காய்ப்பது, அதனால் அடுத்த வருஷம் கவாத்து என்று பழைய கிளையை மொத்தமாக வெட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள். எமரால்டு தம்பிக்கு இரண்டு குச்சி எடுத்து வைப்பேன். மன்னவனூரில் இருந்து யாராவது கேட்டால் மூன்று.